மெர்சிடஸ் 190: சின்ன கார் செய்து பழக்கமில்லாதவர்கள் செய்த சின்ன கார்

#1 · பின்னச்சு

ரொம்ப நாளாக எழுத நினைத்தது. போன வாரம் இன்னொரு இழையில் சி-கிளாஸ் (190-ன் இடத்துக்குப் பிறகு வந்த மெர்சிடஸ்) எங்கிருந்து வந்தது என்று பேச்சு தொடங்கி, வழக்கம்போல எது வேகம் என்ற சண்டையில் போய் முடிந்தது. அதனால் தனியாக ஒரு இழை.

1970களில் மெர்சிடஸ் விற்ற நாலு கதவுக் கார்களில் ஆகச் சிறியதே நாலே முக்கால் மீட்டரை ஒட்டி நீளம். அதற்குக் கீழே அவர்களிடம் எதுவுமே இல்லை. அந்தக் காலி இடத்தில் 1975-ல் பிஎம்டபிள்யூ தன் 3 சீரிஸை நிறுத்திவிட்டது. 1973 எண்ணெய் நெருக்கடி வேறு எல்லோர் வயிற்றிலும் புளியைக் கரைத்திருந்த நேரம். அப்போது ஆரம்பித்த வேலைதான் டபிள்யூ201, அதாவது கம்பெனிக்குள் 190-ன் பெயர். கடைக்கு வந்தது 1982 டிசம்பரில். கிட்டத்தட்ட எட்டு வருடம்.

எட்டு வருடம் என்ன செய்தார்கள் என்பதுதான் என் கேள்வி. கதவையும் பானெட்டையும் சுருக்க எட்டு வருடம் ஆகாது. அப்போது விற்பனையில் இருந்த நடுத்தர மெர்சிடஸ் டபிள்யூ123-ஐவிட 190 ஒரு அடி நீளம் குறைவு: 4,725 மி.மீ. எங்கே, 4,420 எங்கே. அகலத்தில் பத்து சென்டிமீட்டர் குறைவு. எடையில் கிட்டத்தட்ட கால் டன் குறைவு. கார்புரேட்டர் வைத்த அடிப்படை 190 சுமார் 1,080 கிலோ. இந்தக் கால் டன்தான் அவர்கள் தலைவலி. கனமான காரில் நாலு பேர் ஏறினால் கார் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. இலேசான காரில் அதே நாலு பேரும் பெட்டியும் ஏறினால் காரின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். வெறும் காரில் நன்றாக இருந்த பின் சஸ்பென்ஷன், ஆள் ஏறியதும் வேறு காராகிவிடும்.

அதனால் இந்த எட்டு வருடத்தின் கதை அதன் பின் அச்சில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. எட்டு அடிப்படை அமைப்புகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் பல வடிவங்கள் செய்து ஓட்டிப் பார்த்துத்தான், ஒவ்வொரு பின் சக்கரத்தையும் ஐந்து கம்பி பிடித்து நிற்கும் ஐந்து கம்பி அமைப்புக்கு வந்தார்கள். மறுப்பவர்கள் வரலாம்.

#2 · களிமண்

வந்தேன். அச்சு முக்கியம்தான், ஆனால் அச்சைப் பார்த்து யாரும் காசு கட்டவில்லை. ஷோரூமில் தெரிந்தது அந்த வால்.

அந்த நாள் மெர்சிடஸ் என்றால் குரோமியம், படுத்த டிக்கி, முன்னால் ஒரு கோயில் கோபுரம் மாதிரி கிரில். 190-ல் குரோமியத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். பக்கவாட்டில் பார்த்தால் கோடு முன்னாலிருந்து பின்னால் ஏறிக்கொண்டே போய், டிக்கி தூக்கலாக, வெட்டின மாதிரி நிற்கும். மேலிருந்து பார்த்தால் பின்பக்கம் உள்ளே குறுகும். இதெல்லாம் காற்றுக்காக. காற்று எதிர்ப்பு எண் 0.33. டபிள்யூ123-க்கு 0.42 அளவில் இருந்தது. எட்டு வருடத்தில் ஒரு பகுதி காற்றுச் சுரங்கத்திலும் போனது என்பதை மறக்க வேண்டாம்.

அதைச் செய்தவர் புரூனோ சாக்கோ. இத்தாலியின் ஊடினேயில் பிறந்தவர், 1958-ல் டைம்லர்-பென்ஸில் சேர்ந்தவர், 1975-ல் வடிவமைப்புத் துறைத் தலைவர். வெளி உருவில் பீட்டர் ஃபைஃபரின் கை பெரிது. சாக்கோவுக்கு இரண்டு விதி. ஒரே காலத்தில் விற்கும் பெரியதும் சின்னதும் அண்ணன் தம்பி மாதிரி இருக்க வேண்டும். புதுசு வந்ததும் பழசு கிழடாகத் தெரியக் கூடாது. 1979 எஸ்-கிளாஸ் (அவர்களுடைய ஆகப் பெரிய கார்) பக்கத்தில் 190-ஐ நிறுத்திப் பாருங்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகள். இதில்தான் வியாபாரமே இருந்தது. சின்ன காரை வாங்கியவன் மலிவுக் காரை வாங்கியதாக நினைக்கவில்லை.

#3 · மூணாவது கியர்

இரண்டு பேரும் ஆரத்தி எடுத்து முடித்தாச்சா?

அதே 1982 கடைசியில்தான் பிஎம்டபிள்யூ ஈ30-ம், அதாவது இரண்டாவது தலைமுறை 3 சீரிஸும் வந்தது. அதில் முதல் நாளிலிருந்தே ஆறு சிலிண்டர் உண்டு. 190-க்கு ஆறு சிலிண்டர் வர 1986 ஆனது. ஈ30-ல் இரண்டு கதவு, நாலு கதவு, திறந்த மேற்கூரை, பின்னால் பெட்டி நீண்ட டூரிங் என்று எல்லாம் வந்தது. 190 கடைசிவரை ஒரே நாலு கதவு. பழைய பாணி பின் சஸ்பென்ஷனை வைத்துக்கொண்டே ஈ30 23 லட்சத்துக்கு மேல் விற்றது. 190 பத்து வருடத்துக்கு மேல் ஓடி 18.8 லட்சம்.

இன்னொன்று. 190-ன் பின்சீட்டில் யாராவது உட்கார்ந்திருக்கிறீர்களா? என் உயரம் 178 செ.மீ. எனக்கு முன்னால் என்னளவு ஆள் ஓட்டினால் என் முழங்கால் அவர் முதுகில். எட்டு வருடம் யோசித்தவர்களுக்கு இது தெரியவில்லையா?

#4 · கிள்ளான் காடி

நான் உட்கார்ந்து வளர்ந்த பின்சீட் அது! அப்பா வாங்கிய 1990 மாடல் 190ஈ இப்போதும் வீட்டில் நிற்கிறது. நானும் தங்கச்சியும் சின்னப் பிள்ளையாக இருந்தவரைக்கும் பிரச்சினை இல்லை. நடுவில் பெரிய மேடு, அதனால் மூணாவது ஆளுக்கு இடமே கிடையாது. பாட்டி வந்தால் நான் முன்னால்.

பேச்சோடு பேச்சாக ஒரு உதவி. போன வருசம் பின்னால் ரப்பர் புஷ் எல்லாம் புதுசு போட்டேன், ஒரு போமனிடம் (மெக்கானிக்). முதல் மாதம் சொர்க்கம். ஆறு மாதத்தில் பழையபடி ஆரம்பித்துவிட்டது. ஹைவேயில் லேன் மாறினால் முன்னால் போய்விடும், பின்னால் அரை நொடி கழித்து வரும். படகு மாதிரி. டாயர் உள்பக்கம் மட்டும் தேய்கிறது. போமன் சாமான் சரியில்லை என்கிறார். சாமான் கடைக்காரர் போமன் சரியில்லை என்கிறார்.

#5 · மட்டுறுத்துநர்

கடை பெயர், பட்டறை பெயர் எழுத வேண்டாம், நன்றி. கேள்வி இருக்கட்டும், இழைக்குப் பொருத்தமானதுதான்.

#6 · புது லைசென்ஸ்

அடிப்படைக் கேள்வி, சிரிக்காதீங்க. எல்லா இடத்திலும் ஐந்து கம்பி ஐந்து கம்பி என்று எழுதுகிறீர்களே, ஏன் ஐந்து? நாலு போதாதா? ஆறு வைத்தால் இன்னும் நல்லதா?

#7 · பின்னச்சு

இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான் தம்பி.

ஒரு தீப்பெட்டியை அந்தரத்தில் பிடித்துக்கொள். அது முன்னும் பின்னும் போகலாம், இடம் வலம் போகலாம், மேலே கீழே போகலாம். மூன்று. அப்புறம் மூன்று விதமாகச் சாயலாம், திரும்பலாம். ஆக ஆறு. சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் துண்டும் அந்தத் தீப்பெட்டிதான். அதற்கு நாம் விடவேண்டிய சுதந்திரம் ஒன்றே ஒன்று: மேலும் கீழும். மிச்சம் ஐந்தையும் கட்டிப்போட வேண்டும். ஒரு கம்பி ஒரு அசைவைக் கட்டும். அதனால் ஐந்து. நாலு வைத்தால் ஒன்று அவிழ்ந்து கிடக்கும். ஆறு வைத்தால் சக்கரம் அசையவே முடியாமல் மாட்டிக்கொள்ளும், அல்லது ரப்பர் கிழியும். சக்கரம் உருள்வது இந்தக் கணக்கில் வராது, அது பேரிங் சமாச்சாரம்.

இப்போது பழைய முறை. டபிள்யூ123-லும் ஈ30-லும் இருப்பது சாய்வாகக் கீல் வைத்த ஒரே பெரிய கை. அந்த ஒரு கையே ஐந்து அசைவையும் கட்டிவிடும். மலிவு, உறுதி. ஆனால் சக்கரம் மேலே ஏறும்போது எவ்வளவு சாயணும், எவ்வளவு உள்ளே திரும்பணும் இரண்டையும் அந்த ஒரே கீலின் கோணம்தான் தீர்மானிக்கும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். வளைவில் பயந்துபோய் ஆக்சிலேட்டரை விட்டால் பின்பக்கம் வெளியே வீசுமே, அதன் பூர்வீகம் இங்கேதான்.

ஐந்து கம்பியில் ஒவ்வொன்றின் நீளத்தையும் முனை இருக்கும் இடத்தையும் தனித்தனியாக மாற்றலாம். பிரேக் பிடித்தால் சக்கரம் எந்தப் பக்கம் திரும்பணும், ஆள் ஏறினால் எவ்வளவு சாயணும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கலாம். மூணாவது கியர் கேட்டதற்கு இதுதான் பதில். ஈ30 ஓட்டத் தெரிந்தவனுக்கு விளையாட்டு. ஆனால் மழையில், குடும்பத்தோடு, தெரியாத வளைவில் வேகமாக நுழைந்துவிட்ட ஒரு சாதாரண மனுசனுக்கு 190 மன்னிக்கும்.

#8 · மூணாவது கியர்

விளக்கம் அருமை, ஒப்புக்கொள்கிறேன். தீப்பெட்டியைத் திருடிக்கொள்வேன். ஆனால் முழங்கால் கேள்விக்குப் பதில் வரவில்லை.

#9 · அளவுகோல்

முழங்காலுக்கு முன்னால் ஒரு திருத்தம். முதல் பதிவில் பிஎம்டபிள்யூவையும் எண்ணெய் நெருக்கடியையும் மட்டும் சொன்னீர்கள். அமெரிக்காவை விட்டுவிட்டீர்கள்.

1975-ல் அங்கே ஒரு சட்டம். ஒரு கம்பெனி விற்கும் கார்கள் எல்லாவற்றின் சராசரி எரிபொருள் செலவுக்கும் எல்லை. 1978-ல் ஒரு காலனுக்கு 18 மைல், 1985-க்குள் 27.5 மைல். நம் கணக்கில் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 11.7 கி.மீ. பெரிய கார்களை நம்பிப் பிழைத்த கம்பெனிக்கு இது கழுத்தில் கத்தி. சராசரி என்பதுதான் சூட்சுமம். எஸ்-கிளாஸைத் தொடர்ந்து விற்கவேண்டும் என்றால் அதோடு சேர்த்துக் கூட்ட ஒரு சின்ன கார் வேண்டும். அமெரிக்காவில் இதற்கு பேபி பென்ஸ் என்று செல்லப்பெயர் வைத்தார்கள். பெரியவர் செலவு செய்ய, குழந்தை சிக்கனம் பிடித்தது.

அதனால் 190-ஐப் பொறியாளர்களின் கனவு என்று மட்டும் எழுதினால் எனக்கு உறுத்தும். பாதிக் கனவு, பாதிக் கணக்குப்பிள்ளை.

#10 · பின்னச்சு

சரி, இது என் தவறுதான். சட்டம் தெரியும், ஆனால் அதைக் கதையின் ஓரத்தில் வைத்திருந்தேன். நீங்கள் சொன்ன பிறகு யோசித்தால், எடையில் அவ்வளவு பிடிவாதமாக நின்றதற்கு அதுதான் காரணம். வெறும் போட்டிக்காக என்றால் இன்னொரு நூறு கிலோ விட்டுக்கொடுத்திருப்பார்கள், பின்சீட்டும் கிடைத்திருக்கும். மூணாவது கியர், உங்கள் முழங்காலை இடித்தது அமெரிக்க நாடாளுமன்றம்!

#11 · மூணாவது கியர்

😂 சரி, வழக்கை வாபஸ் வாங்குகிறேன். பாதி.

#12 · பிரேமன் பெடியன்

வணக்கம். நான் இஞ்ச பிரேமனுக்குக் கிட்ட ஒரு சின்ன கராஜில வேலை. இந்தக் கார் முதல்ல சிண்டெல்ஃபிங்கனில செய்தவை, 1983-ல இருந்து இஞ்ச பிரேமனிலயும். அதால இந்தப் பக்கம் இன்னும் கனக்க ஓடுது. வயசு போன ஆக்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்து ஓடுவினம்.

கிள்ளான் அண்ணைக்கு முதல்ல பதில். போமனிலயும் பிழையில்ல, சாமானிலயும் பிழையில்ல எண்டுதான் நினைக்கிறன். போல்ட் எப்ப இறுக்கினவர் எண்டு கேளுங்கோ. லிஃப்டில கார் மேல நிக்க, சில்லு தொங்கிக்கொண்டு இருக்கேக்க முழுசா இறுக்கியிருப்பார்.

அந்த புஷ்ஷுக்குள்ள பந்து ஒண்டும் இல்ல. உள்ளுக்கு ஒரு இரும்புக் குழாய், வெளியில ஒரு குழாய், நடுவில ரப்பர் ஒட்டிக் கிடக்கு. போல்ட் இறுக்கினா உள்குழாய் அப்பிடியே பூட்டுப்பட்டிடும். பிறகு சில்லு ஏறி இறங்கேக்க ரப்பர்தான் முறுகி முறுகி விடும். தொங்கேக்க பூட்டினா, கார் நிலத்தில நிக்கிறதே ரப்பருக்கு முறுக்குத்தான். ஓடாம சும்மா நிண்டாலும் நோகும். ஆறு மாசத்தில கிழியாட்டித்தான் அதிசயம்.

செய்ய வேண்டியது இதுதான். எல்லாத்தையும் கையால பூட்டுங்கோ, இறுக்காதேங்கோ. காரை நாலு சில்லிலயும் நிக்கிற மாதிரி ராம்பில ஏத்துங்கோ. கொஞ்சம் முன்னுக்குப் பின்னுக்கு உருட்டி, டிக்கியை இரண்டு தரம் அமத்தி விடுங்கோ. அதுக்குப் பிறகு கீழ படுத்து, சொன்ன அளவு டோர்க்குக்கு (இறுக்கிற விசைக்கு) இறுக்குங்கோ. கடைசியா வீல் அலைன்மென்ட். ஆள் ஏத்தத் தேவையில்லை, வெறுங்கார் நிக்கிற உயரம் காணும்.

ஐஞ்சு கம்பியில கீழ இருக்கிற பெரியது ஸ்பிரிங்கைத் தாங்கிறது. அதுக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழட்டிப் பாருங்கோ, உள்ளுக்கு மண்ணும் துருவும் குந்தியிருக்கும். கனபேர் அதைத் திறக்கிறதே இல்ல.

#13 · கிள்ளான் காடி

அண்ணே, நீங்கள் நேரில் பார்த்த மாதிரி சொல்கிறீர்கள். காடி லிஃப்டில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போமன் நீளக் கம்பி போட்டு ஒரு இழுப்பு இழுத்ததை நான் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டே பார்த்தேன். மூடி கதை எனக்குத் தெரியவே தெரியாது. வார இறுதியில் செய்கிறேன்.

#14 · பின்னச்சு

பிரேமன் தம்பி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். முன் சஸ்பென்ஷன் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. எனக்கு அதுவும் பாதி ரகசியம். ஷாக் ஒரு இடத்தில், ஸ்பிரிங் வேறு இடத்தில் ஏன்?

#15 · பிரேமன் பெடியன்

ஓம், மற்றக் கார்களில ஸ்பிரிங் ஷாக்கைச் சுத்தி இருக்கும். இதில ஷாக் நேரா மேல போகுது, ஸ்பிரிங் தனியாக் கீழ் கையில குந்தியிருக்கு. அதால மேல பெரிய கோபுரம் தேவையில்ல, பானெட்டைத் தாழ்த்தலாம். களிமண் அண்ணை சொன்ன காற்றுக் கணக்கு இஞ்சயும் வருது. ஷாக்கின்ர கம்பியில ஸ்பிரிங்கின்ர சாய்வுப் பாரமும் விழாது. கழட்டிறதும் லேசு, ஆனா ஸ்பிரிங்கை அமத்திப் பிடிக்கச் சரியான கருவி வேணும். கயித்தால கட்டி வேலை செய்யிற ஆக்களைக் கண்டிருக்கிறன். அப்பிடிச் செய்யாதேங்கோ, முகத்துக்கு வரும்.

எனக்குப் பிடிச்சது சின்னச் சின்ன விசயங்கள். கண்ணாடிக்கு ஒரே ஒரு வைப்பர். ஓட்டிறவரின்ர பக்கக் கண்ணாடி கையால திருப்பிறது, மற்றப் பக்கம்தான் கரண்ட். கை எட்டிற இடத்துக்கு ஏன் மோட்டர் எண்டு நினைச்சிருப்பினம். பின் லைட்டைப் பாருங்கோ, படி படியா வரி போட்டிருக்கு. பனிக்காலத்தில றோட்டு முழுக்க உப்புச்சேறு. மேட்டில அப்பினாலும் பள்ளத்துக்குள்ள இருக்கிற கண்ணாடி துப்புரவா இருக்கும், சிவப்பு தெரியும். நான் பின்னால வாற ஆளா இருந்து பார்த்துச் சொல்றன்.

#16 · களிமண்

அந்த வரி லைட் 190-க்கு முன்பே வந்தது, 1971-ல் வந்த எஸ்எல் என்ற திறந்த ஸ்போர்ட்ஸ் காரில். ஆனால் 190-ன் அந்தச் சின்ன முதுகில்தான் அது நகை மாதிரி பொருந்தியது.

1988-ல் தோற்றத்தைப் புதுப்பித்து முகம் கழுவினபோது பக்கவாட்டில் பிளாஸ்டிக் பலகை ஒட்டினார்கள். ஜெர்மனியில் அதற்கு சாக்கோ பலகை என்றே பெயர். எனக்குப் பிடிக்காது. முதல் கார் ஒல்லியாக, சுத்தமாக இருந்தது. பலகை வந்ததும் சட்டைக்கு மேல் பனியன் போட்ட மாதிரி. இதில் என்னோடு ஒத்துப்போக மாட்டீர்கள், தெரியும்.

#17 · கிள்ளான் காடி

ஒத்துப்போக மாட்டேன். என்னுடையது பலகை வைத்த காடி. பார்க்கிங்கில் பக்கத்துக் கதவு இடித்தால் பலகைதான் வாங்கும்.

#18 · புது லைசென்ஸ்

பந்தய வீரர் ஐர்ட்டன் சென்னா இந்தக் காரில்தான் ஜெயித்தாரா? யாரும் சொல்லவே இல்லை.

#19 · மூணாவது கியர்

நான் சொல்கிறேன், என் துறை. அது 190ஈ 2.3-16. சிலிண்டர் ஹெட் இங்கிலாந்தின் எஞ்சின் கம்பெனி காஸ்வொர்த் செய்தது, 185 குதிரை சக்தி. 1983 ஆகஸ்டில் இத்தாலியின் நார்தோ வட்டப் பாதையில் மூன்று காரை விட்டார்கள். 50,000 கி.மீ., சராசரி மணிக்கு 247.9 கி.மீ. 201 மணி நேரத்துக்கு மேல். இராப்பகலாக எட்டு நாளுக்கு மேல் முழு மிதியில். அப்புறம் 1984 மே 12, ஜெர்மனியில் புதுப்பித்த நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையின் திறப்பு விழாப் பந்தயம். எல்லாருக்கும் ஒரே கார், புகழ்பெற்ற பெயர்கள் இருபது. சென்னா முதல், நிக்கி லவுடா இரண்டாவது, ராய்ட்டமன் மூன்றாவது. சென்னாவுக்கு அது எஃப்1-ல் முதல் வருடம்.

பிற்பாடு பெரிய இறக்கை வைத்த எவல்யூஷன் 2 வந்தது, 1990-ல், 502 கார் மட்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பந்தயக் கார்களிலும் அச்சு அடிப்படையில் அதே ஐந்து கம்பிதான்.

#20 · அளவுகோல்

அதே அச்சு 1984-ல் டபிள்யூ123-ன் இடத்துக்கு வந்த டபிள்யூ124-க்குப் போனது. அடுத்து 1989 எஸ்எல், 1993-ல் 190-ன் இடத்தைப் பிடித்த முதல் சி-கிளாஸ். சின்ன காருக்காகக் கண்டுபிடித்ததைப் பெரிய கார்கள் வாங்கிப் போட்டுக்கொண்டன. பொதுவாக அண்ணன் சட்டையைத் தம்பி போடுவான். இங்கே தலைகீழ். எட்டு வருடச் செலவை 190-ன் கணக்கில் மட்டும் எழுதினால் நட்டமாகத் தெரியும். நாலைந்து காருக்குப் பங்கு போட்டால் வேறு மாதிரி.

#21 · மூணாவது கியர்

அப்படியென்றால் வாபஸ் வாங்காத மீதிப் பாதியும் போயிற்று. ஆனால் ஈ30-ன் ஆறு சிலிண்டர் சத்தத்துக்கு உங்கள் ஐந்து கம்பியும் ஈடாகாது. இதை மட்டும் விடமாட்டேன்.

#22 · பின்னச்சு

விட வேண்டாம். 190-ன் நாலு சிலிண்டர் சத்தம் மாவு மில் மாதிரிதான், எனக்கே வருத்தம். டீசல் மட்டும் விதிவிலக்கு. 1983-ல் வந்த 190டி-யில் எஞ்சினையே சுற்றிப் பெட்டி மாதிரி மூடியதால், ஜெர்மனியில் கிசுகிசுக்கும் டீசல் என்று பேர் வாங்கியது. பெட்ரோலுக்கு அந்த யோகம் இல்லை.

#23 · கிள்ளான் காடி

செய்தி சொல்ல வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சானோடு சேர்ந்து புது புஷ் போட்டு, எல்லாவற்றையும் கையால் பூட்டி, ராம்பில் ஏற்றி, உருட்டி, டிக்கியை அமுக்கி, அப்புறம்தான் இறுக்கினேன். பழைய புஷ் இரண்டு ரப்பர் வேறு இரும்பு வேறாகக் கையோடு வந்தது, ஆறு மாதச் சாமான்! பிளாஸ்டிக் மூடிக்குள் ஒரு கைப்பிடி மண், காய்ந்த இலை, எப்படியோ ஒரு பத்து காசு.

திங்கட்கிழமை அலைன்மென்ட். செவ்வாய் ஹைவே, மழை வேறு. லேன் மாறினால் முன்னாலும் பின்னாலும் ஒரே நேரத்தில் போகிறது. பின்சீட்டில் தங்கச்சி உட்கார்ந்து வந்தாள். வண்டி நல்லா இருக்கு, சீட்டைக் கொஞ்சம் முன்னால தள்ளு என்றாள்.

#24 · பிரேமன் பெடியன்

சந்தோசம் அண்ணை. ஆயிரம் கிலோமீட்டர் ஓடினாப் பிறகு ஒருக்கா எல்லா நட்டும் பாருங்கோ. அந்தப் பத்து காசைத் திரும்ப உள்ளுக்கு வையாதேங்கோ, சத்தம் போடும்.